ரசம் பூசாத கண்ணாடிக்குள் படம் எப்படி ஓடுகிறது? ஏஆர் கண்ணாடிப் பூச்சு பற்றி ஒரு சந்தேகம்

செராய்ப்பையன் | திங்கள், இரவு 9.12

எல்லாருக்கும் வணக்கம். நான் மலேசியாவில், கெடாவின் பாடாங் செராய் பக்கம், பாலிடெக்னிக்கில் கடைசி செமஸ்டர். வியாழக்கிழமை கூலிம் ஹைடெக் பார்க்கில் ஒரு கம்பெனியில் தொழிற்பயிற்சிக்கு நேர்முகம் இருக்கிறது. கண்ணாடிக்கு மெல்லிய பூச்சுப் போடும் பிரிவு என்றார்கள். தேடிப் படித்தால் ஏஆர் கண்ணாடி பற்றித்தான் நிறைய வருகிறது. கண்ணுக்கு முன்னால் படமும் எழுத்தும் மிதக்குமே, அந்த மிகை மெய்ம்மைக் கண்ணாடி.

எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். கண்ணாடிக் காம்பில் ஒரு சின்ன புரொஜெக்டர். அதன் வெளிச்சம் வில்லையின் ஓரத்தில் நுழைந்து, உள்ளுக்குள்ளேயே இரண்டு பக்கமும் மோதி மோதி ஓடி, கண்ணுக்கு நேரே வந்ததும் வெளியே வருகிறது. அந்தத் தட்டுக்கு அலைவழி என்று பெயர். சரி, உள்ளேயே மோத வேண்டுமென்றால் முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி இரண்டு பக்கமும் ரசம் பூசிவிட வேண்டியதுதானே? பூசினால் வெளியே எதுவும் தெரியாது, அது சரி. ஆனால் பூசாமல் எப்படி மோதுகிறது? அப்புறம் 'எதிரொளிக்கும் பூச்சு' என்று எங்கு பார்த்தாலும் எழுதியிருக்கிறதே, அதை எந்த இடத்தில் போடுகிறார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

லூனாஸ் கண்ணாடிக்கடை | திங்கள், இரவு 9.40

தம்பி, முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் கடையில் ஏஆர் என்றால் எதிரொளிப்பைக் குறைக்கும் பூச்சு. ராத்திரியில் வண்டி ஓட்டுகிறவர்கள் கேட்டு வாங்குவார்கள். பூச்சில்லாத சாதாரண வில்லை ஒவ்வொரு பரப்பிலும் நூற்றில் 4 பங்கு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். முன்பக்கம், பின்பக்கம் சேர்த்தால் 8 கிட்ட வந்துவிடும். நல்ல பூச்சு ஒவ்வொரு பரப்பிலும் அதை 1க்கும் கீழே இறக்கிவிடும்.

நீங்கள் கேட்பதும் ஏஆர், இதுவும் ஏஆர். ஒரே காகிதத்தில் இரண்டும் வரும். நேர்முகத்தில் யாராவது அந்தச் சொல்லைச் சொன்னால் எந்த ஏஆர் என்று தயங்காமல் கேளுங்கள். தப்பாக நினைக்க மாட்டார்கள்.

சேம்பர் அக்கா | திங்கள், இரவு 10.25

இப்போதுதான் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் இறங்கினேன். தம்பி கேள்வியைப் பார்த்ததும் சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுதுகிறேன். நான் 11 வருடமாகப் பூச்சுச் சேம்பரில், அதாவது காற்றை உறிஞ்சிவிட்டுப் பூச்சுப் போடும் எஃகு அறையில், டெக்னிஷன்.

ரசம் பூசினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அலுமினியப் பூச்சு நூற்றில் 90 பங்கு அளவுக்குத் திருப்பும். ஒரு மோதலுக்கு அது நல்ல கண்ணாடிதான். உள்ளே ஓடும் வெளிச்சம் 10 தடவை மோதினால்? 90, 81, 73 என்று தேய்ந்து 10ஆவது மோதலில் 35தான் மிஞ்சும். வெள்ளி 98 பங்கு திருப்பும் என்று வைத்தாலும் 10 மோதலில் 82. வெளியே பார்க்க முடியாது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், படமே பாதி வழியில் களைத்துவிடும்.

வெறும் கண்ணாடிப் பரப்பு இதைவிட நன்றாகச் செய்கிறது. கண்ணாடிக்குள் இருக்கும் வெளிச்சம் பரப்பில் போதுமான சாய்வோடு பட்டால் வெளியே போகவே முடியாது. முழுதும் உள்ளேயே திரும்பும், ஒரு பங்குகூட நட்டமில்லை. எவ்வளவு சாய்வு என்பது கண்ணாடியின் ஒளிவிலகல் எண்ணை, அதாவது அது வெளிச்சத்தை எவ்வளவு வளைக்கும் என்று சொல்லும் எண்ணைப் பொறுத்தது. சாய்வைப் பரப்புக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து அளக்க வேண்டும். 1.5 என்றால் 42 பாகைக்கு மேல். 1.8 என்றால் 34 போதும். 2.0 என்றால் 30. இந்த எல்லை எவ்வளவு கீழே இறங்குகிறதோ அவ்வளவு அகலமான படத்தை உள்ளே ஓட்டலாம். கம்பெனிகள் எண் கூடிய கண்ணாடியைத் தேடி அலைவதற்குக் காரணம் அதுதான்.

ஆக, அந்த இரண்டு பெரிய பரப்பிலும் ரசப்பூச்சு கிடையாது. அவற்றுக்குக் காற்றுதான் கண்ணாடி. மீதியை நாளைக்கு எழுதுகிறேன்.

ஆசிரியை, தோட்டப்பள்ளி | செவ்வாய், மாலை 3.05

அக்கா சொன்னதற்குப் பெயர் முழு அக எதிரொளிப்பு. இலங்கைப் புத்தகங்களில் முழு உட்தெறிப்பு என்று பார்த்திருக்கிறேன். எனக்கு அந்தச் சொல்தான் பிடிக்கும், பிள்ளைகளுக்குச் சொன்னவுடன் கண்ணில் படுகிறது.

எங்கள் பள்ளி அறிவியல் விழாவில் இதைச் செய்து காட்டினோம். 1.5 லிட்டர் மினரல் தண்ணீர்ப் போத்தலில் அடிப்பக்கமாக ஆணியைச் சுட்டு ஓட்டை போட்டு, தண்ணீர் வளைந்து கொட்டும்போது எதிர்ப்பக்கத்திலிருந்து லேசர் விளக்கைக் காட்டினோம். வெளிச்சம் தண்ணீரோடு சேர்ந்து வளைந்து, கீழே வாளியில் போய்ச் சிவப்பாக விழுந்தது. வாளியில் கை நீட்டிய பிள்ளையின் உள்ளங்கையில் சிவப்புப் பொட்டு ஆடியது. ஜெனீவாவில் கொலாடன் என்ற அறிவியலாளர் 1841இல் இதையே செய்து காட்டியிருக்கிறார். நாங்கள் 2 வெள்ளி (ரிங்கிட்) விலையுள்ள போத்தலில் செய்தோம்.

செராய்ப்பையன் | செவ்வாய், மாலை 6.30

டீச்சர், அக்கா, நன்றி. இப்போது எனக்குக் குழப்பம் கூடிவிட்டது. காற்றே கண்ணாடி வேலையைச் செய்தால் பூச்சு எதற்கு? உள்ளே மாட்டிய வெளிச்சம் எப்படித்தான் கண்ணுக்கு வெளியே வரும்?

சேம்பர் அக்கா | செவ்வாய், இரவு 8.50

சரியான இடத்துக்கு வந்துவிட்டீர்கள். உள்ளே மாட்டிய வெளிச்சத்தை வெளியே எடுப்பதற்குத்தான் பூச்சு.

ஒரு வகை அலைவழியில் கண்ணாடித் தட்டுக்குள்ளேயே சாய்வாகச் சின்னச் சின்னக் கண்ணாடிகள் வரிசையாகப் புதைந்திருக்கும். ஒவ்வொன்றும் வருகிற வெளிச்சத்தில் கொஞ்சத்தைக் கண் பக்கம் திருப்பிவிட்டு, மிச்சத்தை அடுத்ததற்கு விட்டுக்கொடுக்கும். ஒரே ஒரு கண்ணாடி வைத்தால் கண்மணி சரியாக அதன் நேரே இருந்தால்தான் படம் தெரியும். கொஞ்சம் கண்ணை நகர்த்தினால் போச்சு. வரிசையாக வைத்தால் எங்கிருந்து பார்த்தாலும் படம் கிடைக்கும். இஸ்ரேலில் 2000இல் தொடங்கிய லூமஸ் கம்பெனி இந்த வழியில்தான் வந்தது.

எவ்வளவு திருப்ப வேண்டும் என்பதில்தான் எங்கள் வேலையே இருக்கிறது. கோயில் அன்னதானத்தில் சாம்பார் வாளி தூக்கியிருக்கிறீர்களா? வாளியில் 100 கரண்டி இருக்கிறது, 5 பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். இருப்பதில் பத்தில் ஒரு பங்கு என்று ஒவ்வொருவருக்கும் ஊற்றினால் முதல் ஆளுக்கு 10 கரண்டி, அடுத்தவருக்கு 9, அப்புறம் 8.1, 7.3, கடைசி ஆளுக்கு 6.6. கடைசி இலை முகம் வாடிவிடும். அதே கணக்கில் ஒரே மாதிரிப் பூச்சுப் போட்டால் படத்தின் ஒரு பக்கம் பளிச்சென்றும் மறுபக்கம் மங்கியும் இருக்கும். எல்லாருக்கும் 10 கரண்டி வர வேண்டுமென்றால் முதல் கண்ணாடி 10 விழுக்காடு, இரண்டாவது 11.1, மூன்றாவது 12.5, நான்காவது 14.3, ஐந்தாவது 16.7 திருப்ப வேண்டும். (நிஜ வடிவமைப்பில் வெளிச்சம் ஒரே கண்ணாடியை இரண்டு தடவை கடப்பது போன்ற சிக்கல்கள் உண்டு, ஆனால் கணக்கின் போக்கு இதுதான்.) ஐந்துக்கும் ஐந்து விதப் பூச்சு. 12.5 போட வேண்டிய தட்டு 14 ஆகிவிட்டால் படத்தில் ஒரு கோடு தெரியும்.

இதே கண்ணாடிகள் வெளியே இருந்து வரும் வெளிச்சத்தையும் திருப்பும் அல்லவா? மரம், வானம், எதிரே நிற்கும் ஆள் எல்லாம் இவற்றைத் தாண்டித்தான் கண்ணுக்கு வர வேண்டும். அதனால் பேராசைப்பட்டு 40, 50 என்று திருப்பக்கூடாது. படமும் தெரிய வேண்டும், ஊரும் தெரிய வேண்டும்.

கோணம் இன்னொரு தலைவலி. மோதி மோதி வரும் வெளிச்சம் அந்தச் சாய்ந்த கண்ணாடியை இரண்டு விதத்தில் சந்திக்கும். ஒரு திசையில் வரும்போது ஓரளவு நேராக விழும், அதைத் திருப்ப வேண்டும். இன்னொரு திசையில் வரும்போது மிகவும் சாய்ந்து, உரசிக்கொண்டு போகும். அப்போது திருப்பவே கூடாது. திருப்பினால் படத்தின் பக்கத்தில் ஆவி மாதிரி இன்னொரு படம் நிற்கும். ஆனால் உரசிப் போகும் வெளிச்சத்தைத் திருப்புவதுதான் எந்தப் பரப்புக்கும் இயல்பு. சாயங்காலம் குளத்தைத் தாழ்வாகப் பார்த்தால் பளபளக்கிறதே, அதுபோல. அந்த இயல்பை மாற்ற, எண் கூடிய டைட்டானியம் ஆக்சைடு, டான்ட்டலம் ஆக்சைடு போன்றவற்றையும் எண் குறைந்த சிலிக்காவையும் மாற்றி மாற்றி, நானோமீட்டர் கணக்கில் அடுக்கடுக்காகப் போட வேண்டும்.

செய்முறை நம் ஊர்க்காரர்களுக்குச் சுலபமாகப் புரியும். கூவே லாப்பிஸ் என்ற அடுக்குப் பலகாரம் சாப்பிட்டிருப்பீர்கள். பூச்சுப் போட்ட மெல்லிய தட்டுகளை அப்படியே ஒன்றின்மேல் ஒன்றாகப் பசை வைத்து அடுக்கி, கூவேயை நேராக வெட்டாமல் சாய்த்து வெட்டுவதுபோல வெட்டினால் ஒவ்வொரு துண்டிலும் அடுக்குகள் சாய்ந்து நிற்கும். அந்தத் துண்டைத் தேய்த்து மெருகேற்றினால் அலைவழி. அடுக்கு ஒன்று இம்மி பிசகினாலும் ஒவ்வொரு கண்ணாடியும் படத்தைக் கொஞ்சம் வேறு இடத்தில் காட்டும், எழுத்து இரட்டையாகத் தெரியும்.

தீவுப் பொறியாளர் | செவ்வாய், இரவு 10.10

அக்கா, விளக்கம் அருமை. ஆனால் பாதிக் கதைதான் சொன்னீர்கள். நான் பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில் வேலை செய்கிறேன், எங்கள் பக்கம் கீற்றணி வழி. கண்ணாடியின் மேற்பரப்பில் வெளிச்சத்தின் அலைநீளத்தைவிடக் குறுகிய இடைவெளியில் வரிவரியாகக் கோடுகள். அவை வெளிச்சத்தை வளைத்து உள்ளே அனுப்பும், வெளியேயும் எடுக்கும். 2016இல் மைக்ரோசாஃப்ட்டின் ஹோலோலென்ஸ் இந்த வழியில்தான் வந்தது. ஒரு அச்சைச் செய்துவிட்டால் பிசினில் அழுத்தி, புற ஊதாக் கதிரில் உறையவைத்து ஆயிரக்கணக்கில் எடுக்கலாம். லாப்பிஸ் மாதிரி அடுக்கி, வெட்டி, தேய்க்கும் வேலை இல்லை.

எங்களுக்கும் எதிரொளிக்கும் பூச்சு உண்டு. வெளிச்சம் நுழையும் இடத்துக் கீற்றணிமேல் அலுமினியமோ வெள்ளியோ பூசுகிறோம். பூசாவிட்டால் நுழைகிற வெளிச்சத்தில் பெரும்பகுதி நேராகத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போய்விடும். சில மில்லிமீட்டர் வட்டம்தான். ஆனால் அது இல்லையென்றால் படத்துக்கு உயிரே இல்லை.

2024 செப்டம்பரில் மெட்டா காட்டிய ஓரியன் மாதிரியைப் பாருங்கள். சிலிக்கான் கார்பைடு வில்லை, ஒளிவிலகல் எண் 2.6 கிட்ட. படத்தின் அகலம் ஏறத்தாழ 70 பாகை. எதிர்காலம் அங்கேதான் இருக்கிறது.

சேம்பர் அக்கா | செவ்வாய், இரவு 10.45

தம்பி, அகலத்தில் நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். மலிவாகச் செய்வதிலும்தான். ஆனால் கீற்றணி ஒவ்வொரு நிறத்தையும் ஒவ்வொரு கோணத்தில் வளைக்கும், அது அதன் பிறவிக் குணம். ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் வானவில் கோடு ஓடும். முன்னால் நிற்பவருக்கு உங்கள் கண்ணில் வெளிச்சம் கசிவது தெரியும். புதைத்த கண்ணாடிகள் எல்லா நிறத்தையும் ஒரே கோணத்தில் திருப்புகின்றன.

வெளிச்சத்தைச் சிக்கனமாகச் செலவழிப்பதும் முக்கியம். கண்ணை நகர்த்த இடம் வேண்டுமென்று 12க்கு 10 மில்லிமீட்டர் பரப்பில் படத்தைப் பரப்புகிறோம் என்று வையுங்கள். அது 120 சதுர மில்லிமீட்டர். பகலில் கண்மணி 3 மில்லிமீட்டர், அதாவது 7 சதுர மில்லிமீட்டர். ஆக, வெளியே வந்த வெளிச்சத்திலேயே 17இல் ஒரு பங்குதான் கண்ணுக்குள் போகிறது. மிச்சமெல்லாம் கன்னத்திலும் இமையிலும் விழுகிறது. இவ்வளவு வீணாகும் இடத்தில் பூச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திருடினாலும் பேட்டரி தாங்காது.

2025 செப்டம்பரில் வந்த மெட்டா ரே-பேன் டிஸ்ப்ளேயில் இருப்பது புதைத்த கண்ணாடி வகைதான். அகலம் 20 பாகை மட்டும். ஆனால் 5000 நிட் (திரைப் பிரகாசத்தின் அலகு) வரை வெளிச்சம், நடு வெயிலில் படிக்கலாம். இன்னொன்று. லூமஸ் வகை அலைவழிகளைப் பெரிய அளவில் செய்யும் ஷோட் கம்பெனிக்கு இங்கே பினாங்கின் பிறை ஊரிலேயே பல பத்தாண்டுகளாக ஆலை இருக்கிறது. அலைவழி வேலையிலும் மலேசியாவுக்குப் பங்கு உண்டு. செராய்ப் பையன்களுக்கு இது எங்கோ நடக்கிற சங்கதி இல்லை, கம்பெனி பஸ் போகும் தூரம்.

பால்மரத்து ஐயா | புதன், காலை 6.20

பசியாறிக்கொண்டே எல்லாவற்றையும் படித்தேன். எனக்கு 74 வயது, 31 வருடம் பால்மரம் வெட்டியவன். இந்தக் கணக்கெல்லாம் எனக்குப் புதுசு. ஆனால் அம்மா, நீங்கள் 'இவ்வளவுதான் திருப்ப வேண்டும், கூடினாலும் தப்பு குறைந்தாலும் தப்பு' என்றீர்களே, அந்த இடத்தில் நிறுத்தி இரண்டு தடவை படித்தேன். பட்டையை ஒரு மில்லிமீட்டர் அளவு விட்டுத்தான் கத்தி போக வேண்டும். ஆழம் போனால் மரத்துக்குக் காயம், பிறகு அந்த இடத்தில் முடிச்சு விழும். மேலோடு போனால் பால் வராது. அளவுகோல் கிடையாது, மணிக்கட்டுதான்.

தலையில் கார்பைட் விளக்கு கட்டிக்கொண்டு விடியுமுன் போவோம். விளக்குக்குப் பின்னால் குழிந்த தகடு ஒன்று இருக்கும். என் வீட்டுக்காரி லயத்து வாசலில் உட்கார்ந்து சாம்பல் தொட்டு அதைத் தேய்த்து வைப்பாள். தேய்க்காத அன்று இரண்டாவது மரமே தெரியாது.

ஒன்று கேட்கிறேன். நம் ஊர் ஈரக்காற்றில் இரும்பே துருப்பிடிக்கிறது, ரப்பர் ஷீட்டே பூசணம் பிடிக்கும். இவ்வளவு மெல்லிய பூச்சு எப்படித் தாங்குகிறது?

சேம்பர் அக்கா | புதன், மதியம் 1.30

ஐயா, வணக்கம். நீங்கள் கேட்ட கேள்விக்காகத்தான் எங்கள் பிரிவில் பாதிப் பேர் சம்பளம் வாங்குகிறோம்.

சேம்பர் என்பது ஒரு ஆள் உள்ளே நிற்கக்கூடிய எஃகு உருளை. மேலே குடை மாதிரி ஒரு சட்டம், அதில் தட்டுகளை மாட்டினால் சுற்றிக்கொண்டே இருக்கும். கதவைச் சாத்திக் காற்றை உறிஞ்சி, மில்லிபாரில் லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே கொண்டுபோவோம். கீழே ஒரு செப்புக் கிண்ணத்தில் சிலிக்காவோ டைட்டானியம் ஆக்சைடோ இருக்கும். எலெக்ட்ரான் கற்றை அதில் விழுந்ததும் பழுத்து ஆவியாகி மேலே போய்ப் படியும். எவ்வளவு படிந்தது என்று சொல்ல ஒரு குவார்ட்ஸ் வில்லை துடித்துக்கொண்டிருக்கும். படியப் படிய அதன் துடிப்பு குறையும். சின்னக் கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்த்தால் கிண்ணம் வெள்ளையாக எரியும், குடை நிழல் மாதிரி சுற்றும். இத்தனை வருடத்தில் எனக்கு அது சலித்ததில்லை.

ஈரக்காற்று முதலில் கதவில் வரும். தட்டு மாட்டும்போது கதவை அதிக நேரம் திறந்து வைத்தால் உள்சுவரெல்லாம் கண்ணுக்குத் தெரியாத தண்ணீரைக் குடித்துவிடும். அதை உறிஞ்சி எடுக்கும் வரை அழுத்தம் இறங்காது. அதனால் இரண்டு பேர் சேர்ந்து மாட்டுவோம், பேச்சே இருக்காது.

அடுத்தது பூச்சில். சாதாரணமாக ஆவியாக்கிப் படியவைத்த பூச்சு பஞ்சு மாதிரி, நடுவே நுண்ணிய துளைகள் இருக்கும். வெளியே எடுத்ததும் துளைக்குள் ஈரம் புகும். காற்று இருந்த இடத்தில் தண்ணீர் வந்தால் பூச்சின் ஒளிவிலகல் எண் கூடும், வேலை செய்யும் நிறம் சிவப்புப் பக்கம் நகரும். நான் சேர்ந்த புதிதில் ஒரு தொகுதி எதிரொளிப்புக் குறைப்பான் பூச்சு, சேம்பரை விட்டு இறங்கும்போது அழகாக ஊதா மினுக்கத்தோடு இருந்தது. இரண்டு நாள் கழித்து அலமாரியில் பார்த்தால் நீலம். மொத்தமும் கழித்தார்கள். இப்போது படியும்போதே அயனிகளால் அடித்து அடித்து இறுக்குகிறோம். அரிசி மூட்டையைத் தட்டித் தட்டி நிரப்புவது மாதிரி. துளை இல்லாவிட்டால் ஈரத்துக்கு இடமில்லை.

மணிக்கட்டு என்றீர்களே, ஐயா. மெக்னீசியம் ஃபுளோரைடு ஒற்றைப் பூச்சை எடுத்துக்கொள்ளுங்கள். பச்சை வெளிச்சத்துக்குத் தேவை 100 நானோமீட்டர். 5 நானோமீட்டர் கூடினாலே வேலை செய்யும் நிறம் 28 நானோமீட்டர் தள்ளிப் போகும், பச்சை மஞ்சளாகிவிடும். அதே பூச்சுக்கு ஒரு நல்ல குணமும் உண்டு. அதன் எண் 1.38, அதன் வர்க்கம் 1.90. கண்ணாடியின் எண் அந்த 1.90 ஆக இருந்தால் ஒற்றைப் பூச்சே அந்த நிறத்தின் எதிரொளிப்பைச் சுத்தமாக அழித்துவிடும். அலைவழிக் கண்ணாடிகளின் எண் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. பூச்சில்லாமல் விட்டால் 1.9 கண்ணாடி ஒவ்வொரு பரப்பிலும் 9 முதல் 10 பங்கு வெளிச்சத்தைத் தெறித்துவிடும். லூனாஸ் அண்ணன் சொன்ன 4 எல்லாம் சாதாரண வில்லைக்கு. ஆக, ஒரே அலைவழியில் உள்ளே எதிரொளிக்கும் பூச்சு, வெளியே எதிரொளிப்பைக் குறைக்கும் பூச்சு, இரண்டும் வரும்.

லூனாஸ் கண்ணாடிக்கடை | புதன், மாலை 4.15

ஆஹா, 10 பங்கா! அக்கா, எனக்கு ஒரு தொழில் கேள்வி. பவர் உள்ளவர்களுக்கு என்ன செய்கிறார்கள்? பவர் வில்லையை அலைவழிமேல் நேராக ஒட்டிவிடலாமா? கடைக்கு வரும் இளவட்டங்கள் இப்போதே கேட்கிறார்கள்.

சேம்பர் அக்கா | புதன், மாலை 5.00

நேராக ஒட்டினால் போச்சு அண்ணா. அந்தப் பரப்புக்குக் காற்றுதான் கண்ணாடி என்றேனே. பசையின் எண் 1.5 கிட்ட இருக்கும். ஒட்டிய இடத்தில் எல்லைக் கோணம் ஏறிவிடும், படத்தின் ஒரு பகுதி வில்லைக்குள் கசிந்துவிடும். ஒன்று, மயிரிழை அளவு காற்று இடைவெளி விட்டு விளிம்பில் மட்டும் ஒட்ட வேண்டும். இல்லையென்றால் எண் மிகக் குறைந்த பூச்சையோ பசையையோ நடுவே வைக்க வேண்டும். காற்று இடைவெளி விட்டால் உள்ளே தூசும் ஈரமும் போகாமல் விளிம்பை அடைக்க வேண்டும், அதுவும் நம் ஊரில்.

செராய்ப்பையன் | புதன், இரவு 9.35

அக்கா எழுதியதைப் படித்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. பெயர்ப்பலகை செய்யும் கடையில் 6 மில்லிமீட்டர் அக்ரிலிக் வெட்டுத் துண்டு கேட்டேன், சும்மாவே கொடுத்தார்கள். ஓரம் சொரசொரப்பாக இருந்தது. நீர் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கடைசியில் பற்பசை வைத்து ஒரு மணி நேரம் மெருகேற்றினேன். பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய லேசர் விளக்கை ஓரத்தில் சாய்த்துக் காட்டினேன். விளக்கை அணைத்துப் பார்த்தால் உள்ளே சிவப்புக் கோடு ஏறி இறங்கி ஏறி இறங்கிப் போகிறது! எண்ணினேன், 14 மோதல். மறுமுனையில் சுவரில் பொட்டு பளிச்சென்று விழுந்தது.

அப்புறம் விரலில் தேங்காய் எண்ணெய் தொட்டு, கோடு மோதும் இடத்தில் வைத்தேன். விரல் சிவப்பாக எரிந்தது, சுவரில் பொட்டு மங்கிவிட்டது. விரலை எடுத்த பிறகும் ரேகை மட்டும் தனியாக மின்னியது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு கேள்வி. ஓரத்தில் எந்தச் சாய்வில் காட்டினாலும் வெளிச்சம் மேல்பக்கமாக வெளியே வரவே இல்லை. நான் எதையாவது தப்பாகச் செய்கிறேனா?

சேம்பர் அக்கா | புதன், இரவு 10.20

தப்பே இல்லை. அக்ரிலிக்கின் எண் 1.49. ஓரம் செங்குத்தாக இருந்தால், எவ்வளவு சாய்த்து விட்டாலும் உள்ளே நுழையும்போது வெளிச்சம் 42 பாகைக்கு மேல் சாயாது. அப்படியானால் மேல்பரப்பில் அது குறைந்தது 48 பாகையில் படும். எல்லை 42தான். எண் 1.414க்கு மேல் உள்ள எந்தப் பொருளுக்கும் இது பொருந்தும், 2இன் வர்க்கமூலம் அது. தண்ணீர் 1.33, அதனால் டீச்சர் போத்தலில் கொஞ்சம் குறி பார்த்துத்தான் விட வேண்டியிருந்திருக்கும்.

அந்த ரேகையை நாங்கள் தினமும் தேடுகிறோம். தட்டைச் சாய்த்துப் பிடித்து மூச்சு விடுவோம், பனி படியும்போது விரல் பட்ட இடம் காட்டிக்கொடுத்துவிடும். நாளைக்கு அந்தத் துண்டைக் கொண்டுபோங்கள்.

ஆசிரியை, தோட்டப்பள்ளி | புதன், இரவு 10.31

ஆமாம் அக்கா, குறி பார்க்கவே அரை மணி நேரம் ஆனது! தம்பி, நேர்முகம் முடிந்ததும் அந்த அக்ரிலிக்கை எங்கள் பள்ளிக்கு ஒரு நாள் இரவல் தருவீர்களா? ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும்.

செராய்ப்பையன் | வியாழன், காலை 6.55

கட்டாயம் டீச்சர். எண்ணெயைத் துடைத்து, துணியில் சுற்றிப் பையில் வைத்திருக்கிறேன். பஸ் வந்துவிட்டது.